புளியமரம் ஸ்டாப்பிங்

காட்பாடி டு பாகாயம். ஒரு நாளைக்கு எட்டு சிங்கிள்.
எட்டு முறையும் நான்தான் கூவ வேண்டும்:
"புளியமரம், புளியமரம் எறங்கு."
மரத்தை வெட்டி ஆறு வருஷமாகிறது.
இறங்குகிறவர் யாரும் மரத்தைத் தேடுவதில்லை.
பச்சை போர்டு, கம்பி வலை,
வலையில் ஒரு கை நுழையும் ஓட்டை.
"கடைக்கு ஒண்ணு குடுண்ணே" என்பார்கள்.
மெஷின் மட்டும் இன்னும் புளியமரம் என்றே அச்சடிக்கிறது.

தோல்பையில் சில்லறைக்கு அடியில் என் மாத்திரை அட்டை.
ஒவ்வொரு குழியின் பின்னாலும்
சுகந்தி பேனாவால் தேதி போட்டிருக்கிறாள்.
மாத்திரையின் நடுவில் ஒரு கோடு,
பாதியாக உடைத்துக்கொள்ள.
டாக்டரிடம் நானும் பாதிதான் சொல்லியிருக்கிறேன்.

"குடிப்பீங்களா?"
"எப்பவாச்சும் மேடம்."
"ரெண்டும் சேரக் கூடாது. மருந்து பிடிக்காது,
மறுநாள் மனசு இன்னும் கீழ போகும்.
அதுக்காக மாத்திரையை நீங்களா நிறுத்திடாதீங்க."
சில்லறை இல்லாத பயணி போலத் தலையாட்டினேன்.

பள்ளிக்கூடத்தில் ஒருவனை ஒருவன்
"போடா பாகாயம்" என்றுதான் திட்டிக்கொள்வோம்.
இப்போது மாதத்தில் ஒரு செவ்வாய்
காக்கி இல்லாமல், வேறு கண்டக்டரிடம் டிக்கெட் வாங்கி,
கடைசி ஸ்டாப்பில் இறங்குகிறேன்.
மீதி தரும்போது அவன் ஜன்னலைப் பார்க்கிறான்.

மாத்திரை வேலை செய்கிறது, இல்லையென்று சொல்ல மாட்டேன்.
தூங்குகிறேன். பாலாற்றுப் பாலத்தில் வண்டி ஏறும்போது
கைப்பிடிச் சுவரின் உயரத்தை அளப்பதில்லை.
ஆனால் எல்லாம் புதுத் தார் போட்ட ரோடு.
மேடில்லை, பள்ளமில்லை, நாக்கில் ஈரமில்லை.
அக்கா செத்தபோது அழுகை
பஸ்ஸுக்கு வெளியே கூடவே ஓடிவந்தது,
ஏறவில்லை.

சாயங்காலம் நாலரைக்கு அது வரும்.
தாடைக்குள் முதலில், பிறகு உள்ளங்கையில்.
பாட்டில் மூடி திருகும் அந்தச் சின்ன நொறுங்கல்
இன்ஜின் சத்தத்தையும் தாண்டிக் கேட்கும்.

ஆனி மாதத்தில் ஒரு நாள் கணக்குப் போட்டேன்.
குவாட்டர் ஏழு மணிக்கு, மாத்திரை ஒன்பதுக்கு.
நடுவில் ரெண்டு மணி நேரம் கேப்.
டைம் கீப்பரே மெச்சுகிற கணக்கு.

முழித்தது டெப்போவில், வண்டி கழுவும் இடத்தில்.
சட்டை நனைந்திருந்தது, பையில் ஆயிரத்து நூற்று நாற்பது குறைந்தது.
"காலி பஸ்ஸுல ஏறி, சீட்டு சீட்டா
டிக்கெட் டிக்கெட்னு கேட்டுகினு இருந்தபா" என்றார்
டிரைவர் தாஜுதீன்.
குறைந்த பணத்தை அவரே கட்டியிருந்தார்.
திருப்பிக் கேட்கவில்லை.
கேட்டிருந்தால் தேவலை.
சுகந்தியும் ஒன்றும் கேட்கவில்லை.
அன்றைய தேதிக்குழியில் மாத்திரை அப்படியே இருந்தது.
அதன்மேல் ஒரு சுழி போட்டு வைத்தாள்.

நேற்று எட்டாவது சிங்கிள்.
தொரப்பாடி தாண்டும் முன்பே வண்டி காலி.
முன் சீட்டில் பூக்கூடையோடு ஒரு அம்மா மட்டும்.
என் கை என்னைக் கேட்காமல் பட்டனை அழுத்தியது.
மெஷின் ஒரு டிக்கெட்டைத் துப்பியது: புளியமரம், ஒருவர்.
சட்டைப்பையிலிருந்து காசெடுத்துத் தோல்பையில் போட்டேன்.
ஒரு விசில்.

வண்டி நின்றது.
டியூப்லைட் வெளிச்சத்தில் கம்பி வலை,
உள்ளே சில்லறை எண்ணும் கை, நான் எண்ணுவது போலவே.
படியில் என் வலது கால்.
"யாருபா எறங்கறது?"
கண்ணாடியில் தாஜுதீனின் கண்கள் மட்டும்.
பூக்காரம்மாவும் திரும்பிப் பார்த்தார்.

"யாருமில்லண்ணே."

விசிலை ஊதினேன். காற்றும் எச்சிலும்தான் வந்தது,
வறண்ட வாய்.
மறுபடி ஊதினேன். ஒன்று. கொஞ்சம் பொறுத்து இன்னொன்று.
முதல் கியர் விழுந்தது.

ராத்திரி மாத்திரை அட்டையை எடுத்தபோது
அந்த டிக்கெட்டும் கூடவே வந்தது.
கிழிக்கவில்லை.
இன்றைக்கும் எட்டு சிங்கிள்.